பழைய வண்ணாரப்பேட்டை மாடியில் ஞாயிறு வாதம்: ஒரு முறையாவது போய் உட்காருங்கள்

கடவுள் இருக்கிறாரா, அரசு ஆஸ்பத்திரி போதுமா, காப்பீட்டு அட்டையால் யாருக்கு லாபம். இந்த மூன்றையும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையில், சட்டையைப் பிடிக்காமல் பேசுகிற இடம் வடசென்னையில் ஒன்று இருக்கிறது. எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்னத் தெரு, கீழே இஸ்திரிக் கடை, மேலே ஒரு படிப்பகம். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அதை நடத்துகிற ஐயா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அந்தப் பக்கம் போய் ஞாயிற்றுக்கிழமை வாதம் நடக்கும் மாடி எது என்று கேட்டால் இஸ்திரிக் கடைக்காரரே கை காட்டுவார்.

நம்ம ஏரியாவில் படிப்பகம் என்றால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் கொடிக்கம்பம், சுவரில் தலைவர் படம், காலையில் தினத்தந்தி, சாயங்காலம் கேரம் போர்டு. இங்கே கேரம் போர்டு உண்டு, தலைவர் படம் எதுவும் கிடையாது. பின்சுவரில் புத்தக அலமாரி, அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பது மாதிரி பெரிய கரும்பலகை. ஐயா மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகையில் மூன்று பத்தி பிரித்து, தலைப்பில் காண்டல், கருதல், உரை என்று எழுதி வைத்திருப்பார். சைவ சித்தாந்தத்தில் ஒரு விஷயத்தை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று அளக்கும் மூன்று வழி இவை. நீயே பார்த்தது, பார்த்ததை வைத்து யோசித்து வந்த முடிவு, நம்பத் தகுந்தவர் சொன்னது. இங்கே யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் சொன்னது எந்தப் பத்தியில் போக வேண்டும் என்பதையும் சொன்னவரே சொல்ல வேண்டும், மூன்றாவது பத்தி என்றால் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

இந்த இடத்தை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்குக் காரணம் அந்த மூன்று பத்திதான். வெளியே பார்த்தால் கடவுளுக்கு ஆதாரம் கேட்கிற ஆள், தன் கட்சி ஆஸ்பத்திரி கட்டியதாகச் சொன்னால் ஆதாரம் கேட்க மாட்டார். அரசாங்கம் சொல்வது எல்லாம் பொய் என்று சந்தேகப்படுகிற ஆள், சாட்சிக் கூட்டத்தில் யாரோ ஒருவர் கேன்சர் போய்விட்டது என்றால் அப்படியே நம்புவார். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். இதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

கடவுள் பேச்சு நடக்கும் வாரங்களில் கூட்டம் அதிகம். நான் உட்கார்ந்த ஒரு சாயங்காலத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்து கறுப்புச் சட்டைத் தோழர் ஒருவர், ராயபுரத்து பாஸ்டர், தொண்டையார்பேட்டை பாய் ஒருவர், திருவொற்றியூரிலிருந்து வடிவுடையம்மன் கோயிலுக்கு விடாமல் போகும் சைவப் பெரியவர் ஒருவர், இவர்கள் நாலு பேரும்தான் முக்கியமாகப் பேசினார்கள். பெரியவர், சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தை எடுத்தார். அவன், அவள், அது என்று பிரித்துச் சொல்லக்கூடிய இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. தானாக அது நடக்காது, ஒடுக்குகிற ஒருவனே மறுபடி தோற்றுவிக்கவும் வேண்டும் என்பது அதை எழுதிய மெய்கண்டாரின் வாதம். 13ஆம் நூற்றாண்டில் தமிழில் இப்படி ஒரு தர்க்கம் பன்னிரண்டே சூத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அங்கே இருந்த பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. பாய் உடனே, கிட்டத்தட்ட இதையே எங்கள் இமாம் கஸ்ஸாலி வேறு வழியில் சொன்னார் என்றார். தொடக்கம் உள்ள எதற்கும் காரணம் உண்டு, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே அதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டும் பலகையில் கருதல் பத்தியில் ஏறின.

தோழர் எழுந்து, எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் அந்தக் காரணத்துக்குக் காரணம் எங்கே என்று கேட்டார். எல்லோரும் எதிர்பார்த்த கேள்விதான். பாய் பதற்றப்படாமல், எல்லாவற்றுக்கும் என்று நான் சொல்லவில்லையே தோழர், தொடக்கம் உள்ளவற்றுக்கு என்றுதான் சொன்னேன் என்றார். அப்படியானால் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது எந்தப் பத்தி என்று தோழர் திருப்பினார். அதற்கு மேல் அரை மணி நேரம் அந்த ஒரு வரியில்தான் போனது, பெருவெடிப்பு வரைக்கும் வந்துவிட்டது, முடிவு வரவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எந்த இடத்தில் முட்டி நிற்கிறோம் என்று நாலு பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது, அதுவே பெரிய விஷயம்.

பார்த்ததை மட்டும்தான் ஒப்புக்கொள்வேன் என்று ஒரு காலேஜ் பையன் பின்வரிசையிலிருந்து சொன்னபோது ஐயாவே பதில் சொன்னார். மணிமேகலையில், வஞ்சி நகரத்தில் பல சமயத்து ஆட்களும் தங்கள் கொள்கையைச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டு வருவாள். கடைசியாக, நிலம், நீர் போன்ற பூதங்களே உலகம் என்கிற பூதவாதி, காட்சி மட்டுமே ஆதாரம் என்கிறான். அப்படியானால் உன் அப்பா அம்மா யார் என்று கருதல் இல்லாமல் எப்படித் தெரிந்துகொண்டாய் என்று அவள் கேட்கிறாள். பையன் சிரித்துவிட்டு, இப்போது டி.என்.ஏ. டெஸ்ட் இருக்கிறது ஐயா என்றான். அதுவும் கருதல்தான் தம்பி, கோடுகளைப் பார்த்து முடிவுக்கு வருகிறாய் என்றார் ஐயா. இப்படிப் பழைய நூலைத் தூக்கி நேராகப் பேச்சின் நடுவில் வைக்கிற ஆசிரியர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. 1880-களிலேயே சென்னை லௌகீக சங்கம் என்று ஒன்று இருந்தது, கடவுள் மறுப்பைப் பேச தமிழில் தத்துவ விவேசினி, ஆங்கிலத்தில் தி திங்கர் என்று பத்திரிகை நடத்தியது என்பதையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். இந்த ஊரில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு வயது.

அன்றைக்குப் பேச்சு நோய்க்குத் திரும்பியதும் அறையின் சூடே மாறியது. பாஸ்டர், ஜெபத்தால் குணமானவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், காண்டல் பத்தியில் எழுதுங்கள் என்றார். குணமானதைப் பார்த்தீர்கள், ஜெபத்தால் என்பதைக் கருதினீர்கள் என்று ஐயா அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பத்தியில் எழுதினார். தோழர் 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். ஆறு ஆஸ்பத்திரிகளில் 1,802 பைபாஸ் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். உங்களுக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு குழுவில், ஜெபம் நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. கட்டாயம் ஜெபம் நடக்கும் என்று தெரிந்த மூன்றாவது குழுவில் 59 சதவீதம். பாஸ்டர் அமைதியாக, கர்த்தரைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறது, சோதனைச் சாலையில் வைத்தால் அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். நியாயமான பதில்தான் பாஸ்டர், ஆனால் சோதிக்கவே முடியாது என்றால் குணமானதையும் சாட்சியாகச் சொல்ல முடியாதே, இரண்டில் ஒன்றைத்தானே வைத்துக்கொள்ள முடியும் என்றார் தோழர். பாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் விசுவாசம் குணமானவர்கள் எண்ணிக்கையில் நிற்கவில்லை, அதனால் அந்த வரியை அழித்துவிடலாம் என்றார். அதைச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும். நான் அங்கே கேட்டதிலேயே சிறந்த பேச்சு அதுதான்.

தோழருக்கும் அன்றைக்கு ஒரு பதில் வந்தது, பாய் சொன்னார். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, நம்ம தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றியது. மனநோயோடு அந்தக் கோயிலில் தங்கிய 31 பேரை மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள், மருந்து எதுவும் கொடுக்காமலேயே நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. சாமியால் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அடிக்காமல் கட்டாமல் அமைதியாகத் தங்க ஓர் இடம் கிடைத்ததே உதவியிருக்கலாம் என்றது. பாய் அதோடு நிறுத்தாமல் ஏர்வாடியையும் அவரே சொன்னார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தர்காவுக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடும் வந்தது, துஆ என்கிற பிரார்த்தனையும் நடக்கும் மாத்திரையும் கிடைக்கும். தன் பக்கத்துக்கு உதவுகிற ஆதாரத்தையும் உதவாத ஆதாரத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த பாய்க்காகவே மறுபடி போகலாம்.

சுனாமி பற்றிய பேச்சை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. வேளாங்கண்ணியில் தண்ணீர் பேராலயத்துக்குள் வரவில்லை என்று ஒருவர் அற்புதமாகச் சொன்னார். கரையில் நின்ற பக்தர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டது தோழர் அல்ல, காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா. அக்கா மாதா பக்தை. அதற்கு யாரும் பதில் சொல்ல முயலவில்லை, ஐயாவும் பலகையில் எதுவும் எழுதவில்லை.

மருத்துவக் கொள்கை பேசுகிற வாரங்களுக்கு ஆள் குறைவாக வருகிறார்கள். எனக்கு அது வருத்தம், ஏனென்றால் அறையில் உண்மையான சரக்கு இருப்பது அப்போதுதான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் வருவார், அவர் பேச ஆரம்பித்தால் நோட்டு எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்டான்லியை நம்ம ஊர் பாட்டிமார்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள் இல்லையா, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் அது என்பதில் ஆரம்பித்தார். திருவொற்றியூர்ப் பெரியவர் உடனே வள்ளலாரைக் கொண்டுவந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்து, திருவொற்றியூருக்கு நடந்தே போய்க் கும்பிட்டவர், 1867-ல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை ஏற்றிவிட்டார், நாங்கள் காட்டக்கூடிய ஆதாரம் அந்த அடுப்புதான் என்றார். தோழர் வள்ளலாரைக் கும்பிட்டுவிட்டு, தர்மம் என்றால் கொடுப்பவர் மனசு வைக்க வேண்டும், உரிமை என்றால் கேட்டு வாங்கலாம் என்று 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னார். மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையையே மறுப்பது என்று நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். இளைஞர் ஒருவர், அஞ்சு லட்சம் வரை இலவசம், இனி ஏழைக்குக் கவலை இல்லை என்றார். எந்தப் பத்தி என்றார் ஐயா. விளம்பரத்தில் பார்த்தேன் என்றார். உரை என்று எழுதிவிட்டு, காண்டல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டதும் கைகள் எழுந்தன, அதில் என் கையும் ஒன்று. என் மாமனாருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டையை வாங்கிக்கொண்டு, அதற்குள் வராது என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டார்கள், ரசீதும் தரவில்லை. இன்னொருவர் இதற்கு நேர் எதிராக, தன் அம்மாவுக்கு இதே அட்டையில் ஸ்டென்ட் வைத்து ஒரு பைசா செலவில்லாமல் வீட்டுக்கு அழைத்து வந்ததைச் சொன்னார். இரண்டும் ஒரே பத்தியில், ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறின.

அண்ணன் எடுத்த விஷயம் வேறு. காப்பீடு என்பது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்தால்தான். சுகர், பிரஷர், தைராய்டு என்று தினம் விழுங்குகிற மாத்திரைக்கு அது வராது, ஆனால் நம்ம வீடுகளில் மாதா மாதம் பணத்தைக் கரைப்பது அந்த மாத்திரைதான். அந்த ஓட்டையை அடைப்பது அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னல். அதன் பின்னால் 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலத்துக்கே சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது, வந்த ஒவ்வொரு பேட்ச்சையும் சோதனைக்கு அனுப்புவது, மாவட்டக் கிடங்கில் வைப்பது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் போட்டு எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று கணக்கு வைப்பது. மாத்திரை அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருப்பார்களே, அதன் கதை இதுதான். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு, நாம் அதன் பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதே மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

காப்பீட்டு கவுன்ட்டரில் வேலை பார்த்த தம்பி ஒருவர் விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் இந்தத் திட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வருகிறது, அதில் உபகரணம் வாங்குகிறார்கள், எனவே காப்பீட்டை ஆஸ்பத்திரிக்கு எதிரியாக நிறுத்தாதீர்கள் என்றார். சரியான வாதம். ஆனால் வருமான வரம்பு பற்றி காசிமேட்டு அக்கா கேட்டதற்கு அவராலும் பதில் சொல்ல முடியவில்லை. 2012-ல் வருஷத்துக்கு 72,000 ரூபாய் என்று இருந்தது, பின்னால் 1,20,000 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 1,50,000 வந்துவிடுகிறது. மூட்டை தூக்குகிறவர் உண்மையைச் சொன்னால் அட்டை கிடையாது, அட்டை வேண்டுமென்றால் சான்றிதழில் உண்மை இருக்காது. ஐயா இதை கருதல் பத்தியில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். வரம்பையே எடுத்துவிட்டு ரேஷன் கார்டு உள்ள எல்லோருக்கும் கொடுங்கள் என்பது என் கட்சி, அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

யார் கொண்டுவந்தது என்ற சண்டை வந்தால் ஐயா வாய் திறக்காமல் வருஷத்தை மட்டும் எழுதுவார். மருத்துவப் பணிகள் கழகம் 1994, அப்போது ஜெயலலிதா. 108 ஆம்புலன்ஸ் 2008, கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009, அப்போது கருணாநிதி. முதலமைச்சரின் விரிவான காப்பீடு 2012, மறுபடி ஜெயலலிதா. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. நாடு முழுக்க அரசு மருத்துவச் செலவை 2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017 தேசியக் கொள்கை சொன்னதையும் கடைசியில் எழுதி அருகில் ஒரு கேள்விக்குறி போட்டார். கட்சி வேட்டி கட்டிய இரண்டு பேர் அதற்குப் பிறகு தலைவர் பெயர் எடுக்காமலே பேசினார்கள்.

குறைகள் உண்டு. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி என்பது பெண்களுக்கு ஒத்துவராத நேரம், அறையில் மூன்று நாலு பெண்களுக்கு மேல் நான் பார்த்ததில்லை, அவர்கள் பேசினபோதுதான் பேச்சு தரைக்கு வந்தது. காலை பதினொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். அயோத்திதாசர் வழியில் பௌத்தம் பேச ஓர் ஆள்கூட இல்லை, வடசென்னையில் நடக்கும் சபைக்கு இது பெரிய ஓட்டை. வயதானவர்கள் நேரம் தாண்டிப் பேசினால் ஐயா தடுப்பதில்லை, சின்னப் பசங்களுக்கு மட்டும் மணி அடிக்கிறார், அது சரியில்லை. பேச்சு முடிந்ததும் பலகையைத் துடைத்துவிடுகிறார்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்தால்கூடப் போதும், போன மாதம் எங்கே நின்றோம் என்று தெரியும். டாக்டர் யாராவது வாரம் ஒருவர் வந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வலி உள்ளவர்கள் பார்த்து ஏற வேண்டும். ஒரே ஒரு ஃபேன், ஜன்னல் ஓரம் பிடிக்க முடிந்தால் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் கிடையாது. டீக்கு ஒரு டப்பா சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். முதல் தடவை வருகிறவர்கள் கேட்க மட்டும்தான் செய்யலாம், இரண்டாவது வாரத்திலிருந்து பேசலாம். எட்டு மணிக்கு முடிந்ததும் சிலர் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போவார்கள், வாதம் அங்கேயும் தொடரும். காப்பீடு பேசுகிற வாரம் போகிறவர்கள் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைசி அரை மணி நேரம் மருந்தாளுநர் அண்ணன் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவருடைய சீட்டையும் பார்த்து, இதில் எந்த மாத்திரை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், எதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்.